இடது கால் செருப்பு

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே தனியாக இருந்தாலும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். நாங்கள் நலம் என்று முதல் வரியில் எழுதுவதுதான் முறை, இந்தத் தடவை அதை எழுதப் பேனா நகரவில்லை, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நீ கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நீ குறுக்கே பத்து கேட்பாய், நானும் பேச்சை மாற்றிக்கொண்டு போய்விடுவேன், பத்தொன்பது நாளாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். எழுதிப் படம் எடுத்து அனுப்பலாம் என்றால் வீட்டில் இருப்பது ஒரே போன், அதில் வருவது போவது எல்லாவற்றையும் உங்கப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பார். எதிர்வீட்டு எலக்ட்ரீசியனின் மகள் நாளைக் காலை கிளம்பி உன் ஊருக்குத்தான் வருகிறாள், செவ்வாய்க்கிழமை உன் கையில் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார், அவர் எழுந்திருப்பதற்குள் எழுதி முடிக்க வேண்டும். நீ இதை முழுக்கப் படித்த பிறகு எதுவும் செய், பாதியில் வைத்துவிட்டுப் போனை எடுக்காதே.

சின்னவன் நேற்று வந்து கூரைத் தகட்டில் ஒழுகின இடத்தை அடைத்துவிட்டுப் போனான், இனிமேல் ஒழுகாது என்று மார்தட்டிவிட்டுப் போயிருக்கிறான், மழை வந்தால் தெரியும் அவன் லட்சணம். அவன் மனைவிக்கு இது ஏழாவது மாதம், கால் வீங்குகிறது என்றாள், உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். எனக்கு முழங்கால் வலி எப்போதும் போலத்தான். இதையெல்லாம் முதலில் எழுதுவது விஷயத்துக்கு வர எனக்குப் பயமாக இருப்பதால்தான், உனக்கே தெரியும்.

வருகிற வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு ஆபரேஷன். சின்ன ஆபரேஷன் என்று உன்னிடம் போனில் சொன்னேன், அது பொய். கட்டைவிரலை எடுத்ததோடு நின்றுவிடும் என்று நினைத்தோம், நிற்கவில்லை, பாதத்தின் முன்பாதியை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு மேலும் பரவியிருந்தால் முழங்காலுக்குக் கீழே என்றார். வீடு வீடாக நடந்து மின்சார மீட்டர் பார்த்தே முப்பது வருஷம் சம்பளம் வாங்கின மனிதர், ஓய்வு பெற்ற பிறகும் சாயங்காலம் நூலகம் வரை நடக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது, அவருக்கு இப்படி. வெறுங்காலோடு நடந்து எதையோ மிதித்துவிட்டார் என்று உனக்குச் சொல்லியிருக்கிறோம். அதுவும் பொய். அவர் வெறுங்காலோடு நடக்கவே இல்லை. செருப்பு போட்டுக்கொண்டுதான் நடந்தார். அந்தச் செருப்பைத் தைத்தது நான்.

நீ அனுப்பின ஷூவை அவர் போடவில்லை என்பது உண்மைதான், அதற்கு நீ கோபப்பட்டதில் தப்பில்லை. இரண்டு படகைக் காலுக்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டு எப்படி நடப்பது என்று கேலி பேசிவிட்டு அந்தப் பழுப்பு நிறச் செருப்பையே காலுறை போட்டு மாட்டிக்கொள்வார், சுற்றிலும் வார் வைத்து, குதிகாலில் பிடி வைத்தது, உனக்கு ஞாபகம் இருக்கும். அதில் இடது கால் செருப்பில் கட்டைவிரல் பக்கத்து வார் சோலோடு சேரும் இடத்தில் பிய்ந்துபோயிற்று. தெருமுக்கில் உட்கார்ந்து செருப்பு தைப்பவரிடம் கொடுக்கிறேன் என்று அப்பா கிளம்பினார், நான்தான் பிடுங்கி வைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷம் தையல் பாக்டரியில் இருந்தவள் வீட்டில் இருக்கும்போது செருப்பை வெளியில் கொடுப்பதா என்று ஒரு வீம்பு. என் தையல் பிரிந்தது என்று யாரும் சொன்னதில்லை என்று உங்களிடம் எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருக்கிறேன், அந்த வாய்க்கொழுப்புதான்.

ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தேன். உள்ளே இருக்கும் மெத்து அட்டையைக் கிளப்பிவிட்டு, பழைய நூலைப் பிடுங்கிவிட்டு, குத்தூசியால் புதுத் துளை போட்டேன். மெழுகு தேய்த்த நூல், அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஊசி, ஒரே துளையில் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று. அப்படித் தைத்தால் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். நன்றாகத்தான் வந்தது. கடைசிக்கு முந்தின துளையில் ரப்பர் கெட்டியாக இருந்தது, ஊசியைக் குறடால் பிடித்து அழுத்தினேன், டிக்கென்று உடைந்தது. காது இருக்கும் பாதி குறட்டில் நின்றது. முனையைக் காணோம். தரையில் ஏதோ விழுந்த மாதிரி எனக்குச் சத்தம் கேட்டது, கேட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இங்கே உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாக்டரியில் ஊசி உடைந்தால் சும்மா புது ஊசி தர மாட்டார்கள். உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, ஒரு தாளில் வரிசையாக வைத்து டேப் ஒட்டி, துண்டோடு துண்டு பொருந்தி முழு ஊசி ஆகிறதா என்று பார்த்து, சூப்பர்வைசர் கையெழுத்து போட்டால்தான் அடுத்த ஊசி. ஒரு கடுகளவு துண்டு குறைந்தாலும் அன்றைக்கு அந்த மிஷினில் தைத்த துணி ஒன்றும் வெளியே போகாது. கடைசி ஒன்பது வருஷம் அந்தக் கையெழுத்து போட்டவள் நான். கையில் காந்தத்தை வைத்துக்கொண்டு மிஷினுக்கு மிஷின் சுற்றுவேன், என் முதுகுக்குப் பின்னால் பெண்கள் எனக்கு வைத்த பெயரே காந்தம். ஒருத்தி ஒரு தடவை கிடைத்த துண்டைப் பொருத்திப் பார்க்காமல் ஒட்டிக் கொண்டுவந்தாள், அவள் தைத்த எண்பது குழந்தைச் சட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க வைத்தேன். அக்கா, அதான் துண்டு கிடைச்சிடுச்சே என்று அழுதாள். கிடைச்சா போதுமா, அதோட ஜோடிதானான்னு யாரு பார்க்குறது, போட்டுக்கப் போறது குழந்தைம்மா என்று நான் அவளிடம் சொன்னது இன்றைக்கும் அப்படியே காதில் நிற்கிறது.

அன்றைக்கு என் வீட்டில் நான் என்ன செய்தேன் தெரியுமா, தரையில் காந்தத்தை ஓட்டினேன், கட்டில் காலுக்குப் பக்கத்தில் ஒரு ஊசி முனை ஒட்டிக்கொண்டு வந்தது, அப்பாடா என்று காது இருக்கும் பாதியோடு சேர்த்து மாத்திரை டப்பாவில் போட்டு மூடினேன். பொருத்திப் பார்க்கவில்லை. அப்பா காலுறையோடு வாசற்படியில் நின்றுகொண்டு, என்ன மேடம், இன்னிக்குக் கிடைக்குமா, இல்லை நூலகத்தை இங்க வரச் சொல்லட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். இதோ ஆச்சு என்று இன்னொரு ஊசியில் மீதித் துளையை முடித்து, முடிச்சைக் கருக்கி, அட்டையைப் பசை வைத்து ஒட்டிக் கொடுத்தேன். அவர் போட்டுக்கொண்டு நாலடி நடந்து காட்டி, புதுசாட்டம் இருக்கு என்றார். எனக்கு வயதுக்குத் தகாத சந்தோஷம்.

முப்பது நாற்பது வருஷம் தையல் நடந்த வீட்டில் தரையில் ஒரு ஊசி முனை கிடைப்பது பெரிய விஷயமா? அது எப்போதோ உடைந்த வேறு ஊசியின் முனை. செருப்பு ஊசியை விட மெல்லியது, கையில் எடுத்திருந்தாலே தெரிந்திருக்கும். நிஜமான முனை சோலுக்கு உள்ளே நின்றிருந்தது. முதல் இரண்டு நாள் அட்டை தடுத்திருக்கிறது, நடக்க நடக்க அமுங்கி மேலே வந்திருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் முதல் குத்திலேயே கத்தியிருப்பார்கள். சர்க்கரை வந்ததிலிருந்து அப்பாவின் பாதத்துக்குச் சூடும் தெரியாது, குத்தும் தெரியாது என்பது உனக்குத் தெரிந்ததுதான். அவர் அதன் மேல் நூலகத்துக்குப் போய் வந்தார், கடைக்குப் போய் வந்தார். சனிக்கிழமை அவர் காலுறையைத் துவைக்கும்போது விரல் பக்கம் சட்டைப் பட்டன் அளவுக்குப் பழுப்பாக ஒரு கறை இருந்தது, செருப்புச் சாயம் என்று நினைத்துச் சோப்பு போட்டுக் கசக்கினேன். என் கையால் தைத்ததும் போதாமல் என் கையாலேயே துவைத்தும் போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் விரல் வீங்கி, சிவப்பு கணுக்கால் வரை ஏறியிருந்தது.

டாக்டர் புண்ணைக் கீறி ஒரு துண்டை எடுத்துத் தட்டில் போட்டார். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். வீட்ல தையல் மிஷின் இருக்கு டாக்டர், நான்தான் செருப்பு இல்லாம நடந்துட்டேன், என் தப்பு என்றார். டாக்டரும் அதையே எழுதிக்கொண்டார். பெரிய நர்ஸ் அவரைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டாள், சர்க்கரைக்காரர் இப்படியா நடப்பீங்க, சின்னப் பிள்ளையா என்று. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பாவம், அவருக்குத் தெரியாமல் அப்படி நினைக்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன், அந்த நினைப்பு எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது. அன்று சாயங்காலம் டப்பாவைத் திறந்து இரண்டு துண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன், சேரவில்லை. பிறகு செருப்பின் அட்டையைப் பிரித்தேன், ஊசி நின்ற தடம் துரு நிறத்தில் இருந்தது. இரண்டு செருப்பையும் ஒரு பையில் கட்டிப் பரண் மேல் போட்டுவிட்டேன்.

அன்றைக்குத்தான் நீ போன் செய்தாய். உங்க கால் மேல உங்களுக்கே அக்கறை இல்லைன்னா நான் எதுக்கு இங்க மாஞ்சு மாஞ்சு ஷூ தேடி அனுப்பணும், இனிமே காலைப் பத்தி என்கிட்ட பேசாதீங்கப்பா என்று சொன்னாய். சரிம்மா என்றார். அதற்குப் பிறகு நீ என்னிடம் மட்டும் பேசுகிறாய், அப்பா எப்படி இருக்கிறார் என்று என்னைக் கேட்கிறாய், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். விரலை எடுத்த அன்றும் அப்படித்தான். நான் உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு. நீ பயந்தால் உனக்குக் கோபமாகத்தான் வரும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ அடுத்த நிமிஷமே அவரிடம் பேசியிருப்பாய். சொல்லவில்லை. உன் அம்மா கோழையாக இருந்தாள்.

நேற்றுக் காலை டாக்டர் பாதத்தைப் பற்றிச் சொன்ன பிறகு என்னால் முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து செருப்பை இறக்கி, டப்பாவையும் எடுத்து அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, தெரியும் என்றார். எனக்குப் புரியவில்லை. தட்டுல பார்த்தப்பவே தெரியும், முப்பத்தாறு வருஷமா உன் ஊசிகளோட குடித்தனம் பண்றேன், எது மிஷின் ஊசி, எது செருப்பு ஊசின்னு எனக்குத் தெரியாதா என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பத்தொன்பது நாளா நான் உள்ளுக்குள்ள வெந்துகிட்டு இருக்கேன், பெத்த பொண்ணு உங்ககிட்ட பேசலை, நீங்க பாட்டுக்குத் தெரிஞ்சுகிட்டே உட்கார்ந்திருக்கீங்களே, உங்களுக்கு என்ன பெரிய தியாகின்னு நினைப்பா என்று கத்திவிட்டேன். அவர் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், கோபப்பட அவளுக்கு ஒரு ஆள் இருந்தா போதும், அது நானா இருந்துட்டுப் போறேன், உன் மேலயும் கோபம் வந்து உன்கிட்டயும் பேசாம போயிட்டான்னா அந்த ஊர்ல அவ யார்கிட்ட பேசுவா என்று.

தன் கால் போகப்போகிறது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கும் அந்த மனிதர் கணக்குப் போட்டது உனக்குப் பேச்சுத்துணை யார் என்று. அவளுக்குச் சொல்லாதே என்றும் சொன்னார். நான் சரி என்று சொல்லவில்லை, தலையும் ஆட்டவில்லை, எனவே வாக்கு மீறிவிட்டேன் என்று அவர் நாளைக்குச் சண்டை பிடிக்க முடியாது.

அதோடு விட்டாரா? ஆஸ்பத்திரிக்குப் போக வர அந்தக் கட்டுக் காலுக்கு எதுவும் நுழையவில்லை, பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டுதான் வண்டி ஏறிக்கொண்டிருந்தார். தன் பழைய கான்வாஸ் ஷூவைத் தேடி எடுத்து என் மடியில் வைத்து, இதை முன்னாடி கிழிச்சு அகலமா ஒரு துணி வெச்சுத் தைச்சுக் குடு என்றார். என் கையை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது, இந்த ஜென்மத்தில் உங்கள் காலுக்கு எதையும் தைக்க மாட்டேன் என்றேன். எண்ணி எடு, எண்ணி வை, அவ்வளவுதானே, எனக்கு வெளியில போக வேற வழி இருக்கா என்றார். தைத்தேன். எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு ஊசி எடுத்தேன், இரண்டும் முனையோடு திரும்பி வந்தன, பழைய வழக்கப்படி ஒரு தாளில் டேப் போட்டு ஒட்டி அவரிடம் நீட்டினேன், மீட்டர் அட்டையில் போடுவாரே அதே கிறுக்கல் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார். ஷூவை உள்ளும் வெளியும் நான் தடவிப் பார்த்தேன். பிறகு அவர் உள்ளே கையை விட்டு விரல் விரலாகத் தடவிப் பார்த்தார், காலுக்குத் தெரியாததைக் கை சொல்லிவிடும் என்றார். இதை முதலிலேயே பழகியிருந்தால் என்று தோன்றியது, வாய்விட்டுச் சொல்லவில்லை. நீயும் ஷூ போடும் முன் உள்ளே கையை விட்டுப் பார்க்கப் பழகிக்கொள், அப்படியே ரத்தத்தில் சர்க்கரையும் பார்த்துவிடு, உனக்கும் முப்பத்திரண்டு ஆகிறது, அப்பாவின் உடம்புதான் உனக்கு.

இன்று காலை கட்டு மாற்றப் போனபோது பெரிய நர்ஸிடம் அப்பாவின் பைலை எடுக்கச் சொன்னேன். காயம் பட்ட விதம் என்ற இடத்தில் வெறுங்காலுடன் நடந்ததால் என்று எழுதியிருந்தது. அதை அடித்துவிட்டு, மனைவி வீட்டில் தைத்த செருப்பில் ஊசி முனை தங்கிவிட்டதால் என்று எழுதச் சொன்னேன். நர்ஸ் பேனாவை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள், இப்ப இதை மாத்தி என்னம்மா ஆகப்போகுது, வைத்தியம் ஒண்ணுதானே என்றாள். எனக்கு ஆகும் என்றேன். எழுதினாள், பக்கத்தில் நான் கையெழுத்து போட்டேன். அப்பா மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். வெளியே வந்ததும், இத்தனை நாள் என்னைத் திட்டினவ உன்னை ஒரு வார்த்தை திட்டலை பார்த்தியா, ஆளுக்கொரு நியாயம் என்றார். சிரித்துவிட்டேன், சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது, வண்டிக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

கிளம்பி வா என்று கூப்பிட இந்தக் கடிதம் எழுதவில்லை, உன் வேலையும் லீவும் எனக்குத் தெரியும். என்னை மன்னித்துவிடு என்று கேட்கவும் எழுதவில்லை, அது உனக்கு எப்போது முடிகிறதோ அப்போது. எவ்வளவு நாள் வேண்டுமானாலும் என் மேல் கோபமாக இரு, நான் தாங்கிக்கொள்வேன், அவர் நினைப்பது போல் நான் அவ்வளவு சொத்தை இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்கள். அதற்கு முன்னால் அவரிடம் பேசு. காலைப் பற்றிப் பேசு. அவர் ஒன்றும் இல்லை, சின்ன விஷயம் என்று தள்ளுவார், விடாதே, எங்கே வலிக்கிறது, பயமாக இருக்கிறதா என்று கேள். என்னிடம் இதுவரை பயம் என்று சொல்லவில்லை. உன்னிடம் சொன்னாலும் சொல்வார்.

எங்கே இருந்தாலும் நீ நோய்நொடி இல்லாமல், மனம் நிறைந்து, நல்ல மனிதர்கள் சூழ நூறு வயது வாழ வேண்டும். குளிரில் ஈரத் தலையோடு வெளியே போகாதே. காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே.

செவ்வாய்க்கிழமையிலிருந்து போன் அப்பாவின் கட்டில் பக்கத்தில் இருக்கும். நாலைந்து தடவை அடிக்க விட்டுவிடு, அவர் எட்டி எடுக்க நேரமாகும். நான் வீட்டில்தான் இருப்பேன், ஆனால் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா